பேச்சுக்காகப் பிறந்த கருவியும் தோடியின் காந்தாரமும்

காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் மின்முனைகளை வைத்துக் கேள்வி நரம்பைத் தூண்டும் கருவி) பொருத்தும் செலவை, 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. பல லட்ச ரூபாய் விலையுள்ள கருவி அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும் ஆவடிப் பட்டறைக்காரரின் வீட்டுக்கும் எட்டக்கூடியதானது இதனால்தான். பூந்தமல்லிக்கு அண்மையில் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, மொழி, செவித்திறன் துறை கிராமங்களுக்கு ஊர்தி அனுப்பி, செயற்கைக்கோள் இணைப்பு வழியே குழந்தைகளின் செவித்திறனைச் சோதித்தது. சென்னை நகருக்குள் மோகன் காமேஸ்வரனின் மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் முன்னோடியாக நின்றது. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கருவி பெற்ற குழந்தைகள் இன்று மேல்வகுப்புகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் வயதினர். அவர்கள் பேசுகிறார்கள். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் நாகஸ்வரம் அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்பது இக்கட்டுரையின் கேள்வி. அதற்கான விடை இந்தக் கருவியின் வரலாற்றில் இருக்கிறது.

1957-இல் பாரிஸில் ஆந்த்ரே ஜூர்னோவும் சார்ல் எய்ரியேயும் கேள்வி நரம்பை மின்சாரத்தால் தூண்டி, முற்றிலும் கேளாத ஒருவருக்கு ஒலி உணர்வை உண்டாக்கினர். 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் அம்முயற்சியைத் தொடர்ந்தார். அவர் பின்னாளில் உருவாக்கிய ஒற்றை மின்முனைக் கருவிக்கு 1984-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஒரே மின்முனையால் தாளத்தையும் ஓசையின் ஏற்ற இறக்கத்தையும் தர முடிந்தது. சொல்லைத் தர முடியவில்லை. வியன்னாவில் இங்கெபோர்க், எர்வின் ஹோக்மயர் தம்பதி 1977-இலும், மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978-இலும் பல மின்முனைக் கருவிகளைப் பொருத்தினர். கிளார்க்கின் முதல் நோயாளி ராட் சாண்டர்ஸ், சோதனையின்போது அன்றைய ஆஸ்திரேலிய நாட்டுப்பண்ணின் இசையைக் கேட்டதும் எழுந்து நின்றார் என்பது அத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. பாட்டை அடையாளம் காண்பதில் தாளத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்தத் தாளத்தை இக்கருவி முதல் நாளிலிருந்தே ஒழுங்காகத் தந்துவந்திருக்கிறது.

1991-இல் வட கரோலினாவின் பிளேக் வில்சன் வகுத்த முறையே இன்றைய கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை. மைக்கில் நுழையும் ஒலியைக் கருவி அதிர்வெண் வாரியாகப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒலி ஏறி இறங்கும் வெளிவடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற மின்துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மின்முனைகளுக்கு அனுப்புகிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய அலை அமைப்பு கைவிடப்படுகிறது. பேச்சுக்கு இந்தக் கழிவு பெரிய இழப்பு இல்லை: நான்கே பட்டைகளின் வெளிவடிவம் இருந்தாலும் சொல்லை அறிய முடியும் என்று ராபர்ட் ஷானன் குழு 1995-இல் நிறுவியது. இசைக்கோ இதுவே பேரிழப்பு. 2002-இல் ஸ்மித், டெல்குட், ஆக்ஸன்ஹாம் மூவரும் ஓர் ஒலியின் வெளிவடிவத்தை இன்னோர் ஒலியின் நுண்ணமைப்போடு கலந்து கேட்கச் செய்தனர். கேட்டவர்கள் பேச்சை வெளிவடிவத்திலிருந்தும் மெட்டை நுண்ணமைப்பிலிருந்தும் உணர்ந்தனர். அதே ஆண்டு அயோவாவில் கேட் ஃபெல்லர் குழு அளந்தபோது, கருவி அணிந்தவர்கள் இரு சுரங்களில் எது உயர்ந்தது என்று சொல்லச் சராசரியாக ஏழு அரைச்சுரங்களுக்கும் மேற்பட்ட இடைவெளி தேவைப்பட்டது.

நம் இசைக்கு இது என்ன பொருள் தருகிறது? 22 மின்முனைகள் கொண்ட நியூக்ளியஸ் கருவியின் வழக்கமான அமைப்பில் முதல் பட்டை 188 ஹெர்ட்ஸில் தொடங்கி 313-இல் முடிகிறது. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்ணின் மத்திம ஸ்தாயி ஷட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 294. ஆக, ஸ முதல் ப வரை எல்லாச் சுரங்களின் அடிப்படை அதிர்வெண்களும் ஒரே பட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவதுதான் அந்த ராகத்தின் உயிர். அந்த அசைவு முழுவதும் முதல் பட்டையின் எல்லையைத் தாண்டுவதே இல்லை. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அது அந்தப் பட்டைக்கும் கீழே போய்விடுகிறது. மேல் ஒலிகள் மற்றப் பட்டைகளில் விழுவதாலும், துடிப்புகளின் கால ஒழுங்கு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் வரை சுருதியைச் சற்று உணர்த்துவதாலும் எல்லாமே தொலைந்துபோவதில்லை. ஆனால் எஞ்சுவது மங்கல். திருவிழாவில் தவில் தெளிவாகக் கேட்கும். நாகஸ்வரத்தின் பிடிகளும் கமகங்களும் ஒன்றோடொன்று குழம்பும் என்றே இந்தக் கணக்கு காட்டுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த முயற்சிகள் பல. அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் நிறுவனம் அடுத்தடுத்த இரு மின்முனைகளுக்கு மின்னோட்டத்தைப் பகிர்ந்தளித்து இடைப்பட்ட சுருதிகளை உண்டாக்க முயன்றது. மெட்-எல் நிறுவனம் தாழ்ந்த பட்டைகளில் கைவிடப்பட்ட நுண்ணமைப்பைத் துடிப்பின் நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தது. உள்காதில் மின்னோட்டம் பரவி அண்டை நரம்புகளையும் தூண்டிவிடுவதால் இரண்டின் பயனும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் டோபியாஸ் மோசர் குழு மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியால் நரம்பைத் தூண்டும் வழியை விலங்குகளில் ஆராய்கிறது. ஒளி மின்னோட்டத்தைப் போல் பரவாது என்பதால் நெடுங்கால நோக்கில் இதுவே பெரிய நம்பிக்கை என்பது என் கருத்து. இன்றைய நிலையில் உறுதியான பயன் தருவது எஞ்சிய இயல்பான கேள்வியைக் காப்பதுதான். தாழ்ந்த ஒலிகள் சிறிதளவு இயல்பாகக் கேட்பவர்கள் மெட்டைப் பிறரைவிட நன்றாக அறிகிறார்கள். ஆகவே ஒரு காதில் கருவி பொருத்திய குழந்தைக்கு மறுகாதில் கொஞ்சமேனும் கேள்வி மிஞ்சியிருந்தால், அங்கே காது மெஷினைத் தொடர்வது பற்றி மருத்துவரிடம் கேட்பது பெற்றோரின் கடமை.

சோதனை முறைகளும் மாற வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பரவலான இசைச் சோதனையின் மெட்டறியும் பகுதி, தாளம் நீக்கிய மேற்கத்திய மெட்டுகளால் ஆனது. அதில் சுரம் அசையாமல் நிற்கும். மைசூரின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் இந்திய இசைக்கான ஒரு சோதனைத் தொகுப்பு உருவாக்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். கமகத்தின் அசைவு கருவியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கும் சோதனையை இங்கே உருவாக்கும் தகுதி தமிழ்நாட்டுக்கு உண்டு. கேட்டு நினைவில் வைத்த இசையோடு ஒப்பிட்டு வருந்துவோர் பின்னாளில் கேள்வியை இழந்த பெரியவர்கள். நம் இளைஞர்களுக்கு அந்த ஒப்பீடு கிடையாது. கருவி தரும் ஒலியே அவர்கள் அறிந்த இசை. அவர்கள் சொல்வதை எந்த ஆய்வும் புறக்கணிக்கக் கூடாது.

கருவியின் அளவுகளைச் சரிசெய்யும் மேப்பிங்குக்கு இந்த இளைஞர்கள் வரும் ஒவ்வொரு முறையும் சொற்களோடு தம்புராவின் சுருதியையும் ஒரு கமகத்தையும் ஒலிக்கச் செய்து, அவர்கள் கேட்டதை எழுதிவைக்கும்படி போரூரிலும் நகரிலும் உள்ள செவித்திறன் வல்லுநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.