நான்கு மொழிகளில் ஒரு செடி

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு ஆங்கிலப் பள்ளி வந்தது 1818-இல். டாசன் பாதிரியார் அதைத் தொடங்கினார். ஆனால் வேற்றுமொழிக்காரர்களோடு கூடி யோசிக்கும் பழக்கம் கொச்சிக்கு அதைவிட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மூத்தது.

1670-களில் டச்சுத் தளபதி வான் ரீட் மலபார் மூலிகைகளைப் பதிவுசெய்ய முனைந்தார். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், கொங்கணிப் பண்டிதர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரும் துணைநின்றனர். அச்சுதன் மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசியம், டச்சு வழியாக லத்தீனைச் சென்றடைந்தது.

வான் ரீட்டை வியக்கவைத்தது அவர்களின் விவாதம். செடியின் பெயரிலும் குணத்திலும் கருத்து மாறுபட்டபோதும் அவர்கள் கண்ணியம் குறையாமல் வாதிட்டதை அவர் தம் நூலில் பதிந்திருக்கிறார்.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்த நூல் வெளிவந்தது. அதில் இடம்பெற்றவை 742 செடிகள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்று ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களே, இலக்கணப் பயிற்சிக்கு நடுவே ஓர் இலையை மேசைமேல் வையுங்கள். அவரவர் ஊரில் அதற்கு என்ன பெயர், என்ன பயன் என்று கேளுங்கள். பதில்கள் மாறுபட்டால், ஏன் என்று அவர்களையே ஆங்கிலத்தில் வாதாட விடுங்கள்.