பாஷாணபேதம்: இமயத்துச் செடியும் சென்னைச் சிறுபீளையும்

பாஷாணபேதம் என்பது கல்லடைப்பு, நீரடைப்பு ஆகிய நோய்களுக்கு இந்திய மருத்துவ மரபுகளில் பயன்படும் மூலிகையின் பெயர். பாஷாணம் என்றால் கல். பேதம் என்றால் பிளத்தல். வடஇந்தியாவில் இப்பெயர் இமயமலையின் பாறைச் சரிவுகளில் வளரும் பெர்ஜெனியா என்ற செடியைக் குறிக்கிறது. இது ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் போற்றி வளர்க்கும் சாக்சிஃப்ரேகா என்னும் மலைச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலோ இப்பெயரால் பெரும்பாலும் அறியப்படுவது சாலையோரத்தில் தானே முளைக்கும் சிறுபீளை. ஒரே பெயர் இரு வேறு செடிகளுக்கு வழங்குவதற்கான காரணத்தைத் தட்பவெப்பத்திலும், மூலிகை வணிகத்திலும், சென்னையில் நடந்த மருத்துவ ஆய்வுகளிலும் காணலாம்.

பெயர்

சாக்சிஃப்ரேகா என்ற இலத்தீன் சொல்லுக்கும் கல்லை உடைப்பது என்றே பொருள். இப்பெயருக்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. பாறை இடுக்கில் வேர்விட்டு வளர்வதால் பாறையைப் பிளப்பது போலத் தோன்றியது என்பது ஒன்று. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் மருந்தாக இதைக் கருதினர் என்பது மற்றொன்று. சாக்சிஃப்ரேகா கிரானுலேட்டா என்ற இனத்தின் அடியில் காணப்படும் சிறு குமிழ்கள் கற்களைப் போல இருப்பதால், கல்லை ஒத்தது கல்லைத் தீர்க்கும் என்ற பழைய நம்பிக்கையும் இதில் சேர்ந்துகொண்டது.

பாஷாணபேதம் என்ற பெயர் சரக சம்ஹிதையில் சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகளின் வரிசையில் இடம்பெறுகிறது. செடியின் உருவத்தை இனங்காணும் அளவுக்கு அங்கே வருணனை இல்லை. பிற்காலத்தில் எழுந்த குழப்பத்துக்கு இதுவே தொடக்கம்.

கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த நதானியேல் வாலிக், இமயத்துச் செடி ஒன்றுக்குச் சாக்சிஃப்ரேகா லிகுலாட்டா என்று பெயரிட்டார். பின்னர் அது பெர்ஜெனியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் இன்று பாஷாணபேதமாக ஏற்பது பெர்ஜெனியா சிலியாட்டாவின் கிழங்குத் தண்டையே.

மலைச்செடியின் தேவைகள்

சாக்சிஃப்ரேகா பேரினத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றுள் சாக்சிஃப்ரேகா ஒப்போசிட்டிஃபோலியா சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4505 மீட்டர் உயரத்தில் பூப்பதாகப் பதிவாகியுள்ளது. உயர்மலை இனங்கள் மெத்தை போல நெருங்கிப் படர்ந்து வளரும். சிலவற்றின் இலை விளிம்பில் உள்ள துளைகள் சுண்ணாம்பு கலந்த நீரைக் கசியவிடும். நீர் உலர்ந்தபின் விளிம்பில் வெள்ளிப் பொடி போன்ற படிவு தங்கும்.

இவற்றைத் தோட்டத்தில் வளர்ப்போர் நான்கு செய்திகளில் கவனம் செலுத்துகின்றனர். முதலாவது வடிகால். சரளையும் மணலும் மிகுதியாகக் கலந்த மண்ணில், நீர் தங்காதபடி நட வேண்டும். இரண்டாவது வேரின் குளிர்ச்சி. இலைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வேரோ கல்லின் அடியில் குளிர்ந்திருக்க வேண்டும். நடுப்பகல் வெயில் கடுமையான இடங்களில் நிழல் தேவை. மூன்றாவது குளிர்கால உறக்கம். மலையில் பனிப்போர்வைக்கு அடியில் செடி பல மாதங்கள் வளர்ச்சியின்றிக் கிடக்கும். விதைகள் முளைக்கவும் பொதுவாகச் சில வாரக் குளிர் தேவைப்படும். நான்காவது காற்றோட்டம். செடியின் நடுப்பகுதியில் ஈரம் தேங்கினால் அழுகல் தொடங்கும். ஆகவே மழை நீர் மேலே விழாதபடி கண்ணாடிக் கூரையின் கீழ் வளர்ப்பதும் உண்டு.

பெர்ஜெனியா இவ்வளவு கடுமையான செடி அன்று. அது ஏறத்தாழ 1000 முதல் 3000 மீட்டர் வரையிலான சரிவுகளில், ஈரமும் நிழலும் உள்ள பாறைகளில் வளர்கிறது. எனினும் அதற்கும் குளிர்ந்த இரவுகள் வேண்டும்.

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ்தான். மே மாதத்தில் பகல் வெப்பம் 37 பாகையைத் தாண்டுவது வழக்கம். செடி பகலில் சேர்த்த உணவை வெப்பமான இரவில் சுவாசத்தில் செலவழித்துவிடுகிறது. மேலும், உயர்மலைச் செடி உலர்ந்து உறங்க வேண்டிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வருகிறது. எனவே இச்செடியைச் சென்னையின் திறந்த தோட்டத்தில் நிலைக்கச் செய்வது இயலாது.

சமவெளித் தோட்டமும் மலைத் தோட்டமும்

குளிர்நாட்டுச் செடிகளைச் சமவெளியில் வளர்க்கும் சிக்கல் சென்னையின் தோட்டக்கலை வரலாற்றில் பழையது. மெட்ராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தொடங்கப்பட்டது. மயிலாப்பூருக்கு அருகே, கதீட்ரல் சாலையில் அதன் தோட்டம் அமைந்தது. அத்தோட்டத்துச் செடிகளின் பட்டியலை ஹக் கிளெக்ஹார்ன் 1853இல் வெளியிட்டார். சங்கத்தின் பொறுப்பிலிருந்த நிலத்தின் ஒரு பகுதியில், ஒரு காலத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில், இன்று செம்மொழிப் பூங்கா உள்ளது. இப்பூங்கா 2010இல் திறக்கப்பட்டது.

குளிர் விரும்பும் செடிகளுக்கு வேறு இடம் தேவைப்பட்டது. லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் உதகமண்டலத்துக்கு வந்து, அங்குள்ள அரசுத் தோட்டத்தை உருவாக்கினார். ஏறத்தாழ 2250 மீட்டருக்கு மேல் அமைந்த அத்தோட்டத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். வெப்பநாட்டுச் செடிகள் சமவெளியிலும், குளிர்நாட்டுச் செடிகள் மலையிலும் என்ற பிரிவு இவ்வாறு நிலைபெற்றது.

நீலகிரியில் சாக்சிஃப்ரேகாவுக்கு உறவாகக் கருதப்பட்ட செடியும் உண்டு. சதுப்பான புல்வெளிகளில் வெண்ணிறமாகப் பூக்கும் பர்னாசியா வைட்டியானா அது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது. 19ஆம் நூற்றாண்டின் வகைப்பாட்டில் சாக்சிஃப்ரேகா குடும்பத்தில் இருந்த இது, இன்று வாலுளுவைக் குடும்பத்தில் வைக்கப்படுகிறது.

பெயர் தங்கியது, செடி மாறியது

இமயத்துச் செடி வளராத நாடுகளில் மருத்துவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது: உலர்ந்த கிழங்கைத் தொலைவிலிருந்து வரவழைப்பது, அல்லது அருகில் கிடைக்கும் செடியைப் பயன்படுத்துவது. கிடைக்காத சரக்குக்கு ஒத்த குணமுள்ள மாற்றுச் சரக்கைக் கொள்ளலாம் என்பதை ஆயுர்வேத நூல்களும் ஏற்கின்றன. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பாவப்பிரகாசத்தில் இத்தகைய மாற்றுகள் கூறப்பட்டுள்ளன.

இதன் விளைவாகப் பாஷாணபேதம் என்ற பெயர் பகுதிக்கு ஒரு செடியைக் குறிக்கலாயிற்று. கேரளத்தில் ஆற்றுப் பாறைகளுக்கிடையே வளரும் கல்லூர்வஞ்சி அப்பெயர் பெற்றது. வங்காளத்தில் தமிழர் கற்பூரவல்லி, ஓமவல்லி என்று அழைக்கும் செடியும், வடஇந்தியாவின் சில பகுதிகளில் இலையிலிருந்தே கன்று விடும் ரணகள்ளியும் இப்பெயரில் பயன்பட்டன. தமிழ்நாட்டில் சிறுபீளை அந்த இடத்தைப் பெற்றது. சிறுபீளை கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெர்ஜெனியாவுக்கு அது உறவே அன்று. ஆயினும் சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்கும் நீரடைப்புக்கும் உரிய மூலிகையாக அதற்குத் தனி மரபு உண்டு. ஆகவே அதை வெறும் போலிச் சரக்கு என்று ஒதுக்குவது சரியாகாது.

சென்னையில் நடந்த ஆய்வுகள்

கடையில் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் உண்மையில் கிடைப்பது எந்தச் செடி என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் முறையாக ஆராயப்பட்டது. சென்னையில் பணிபுரிந்த மருத்துவர் வைட்லா ஐன்ஸ்லி 1813இல் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில் கடைச்சரக்குகளின் உள்ளூர்ப் பெயர்களைத் தொகுத்தார்.

திருவல்லிக்கேணி மருத்துவமனையில் பணியாற்றிய முகைதீன் ஷெரீப் இப்பணியை மேலும் வளர்த்தார். 1868இல் இந்திய மருந்தியல் நூல் வெளிவந்தது. அதற்குத் துணைநூலாக அவர் எழுதியது 1869இல் சென்னையில் அச்சாயிற்று. பல இந்திய மொழிகளில் மருந்துகளுக்கு வழங்கும் பெயர்களை ஒப்பிட்டு, எந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு உரியது என்று தெளிவுபடுத்துவது அதன் முதன்மை நோக்கம். ஒரு பெயர் பல செடிகளுக்கும், ஒரு செடி பல பெயர்களுக்கும் உரியதாக இருந்த நிலையில் இது நோயாளியின் நலனைச் சார்ந்த பணியாக இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் இம்முயற்சி கல்வி நிறுவனங்களுக்குச் சென்றது. மயிலாப்பூரில் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் வேங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலையும் கல்லூரியும் உருவாயின. 1921இல் சென்னை அரசு அமைத்த உஸ்மான் குழு இந்திய மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923இல் அறிக்கை அளித்தது. அக்குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1925இல் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அவரே அதன் முதல்வரானார். ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. அப்போது முதல் அமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரைத்தான் தியாகராய நகரின் பனகல் பூங்கா தாங்கி நிற்கிறது.

சிறுபீளை வளர்ப்பு

இமயத்துச் செடிக்குப் பகையான வெயிலும் மணலும் சிறுபீளைக்கு ஏற்றவை. சென்னையின் காலி மனைகளிலும் மணற்பாங்கான ஓரங்களிலும் இது தானே முளைக்கிறது. இலைக்கணுக்களில் பஞ்சு போன்ற வெண்ணிறச் சிறு கதிர்கள் தோன்றும். முற்றிய கதிர்களைக் கசக்கித் தூவி, மேலே மெல்லிய மணல் இட்டு, ஈரம் காயாமல் வைத்தால் முளைக்கும். விதை மிகச் சிறியது. ஆழமாகப் புதைத்தால் வெளிவராது. முழு வெயிலும் நீர் தேங்காத தொட்டியும் போதும். வேரூன்றியபின் அளவாக நீர் விட்டால் தழைக்கும்.

கொங்குப் பகுதியில் பொங்கலை ஒட்டி வேப்பிலை, ஆவாரம்பூவுடன் சிறுபீளைக் கதிரையும் சேர்த்து வீட்டுக் கூரையில் காப்புக் கட்டுகின்றனர். அங்கே பூளைப்பூ என்பது இதன் வழக்குப் பெயர்.

இன்றைய நிலை

மயிலாப்பூர் கச்சேரி சாலையின் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகள் நகரில் இன்றும் உள்ளன. மூலிகை வாங்குவோர் பாஷாணபேதம் என்று மட்டும் கேளாமல், சிறுபீளையா, இமயத்துக் கிழங்கா என்று குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. உலர்ந்த நிலையில் இரண்டையும் வேறுபடுத்தலாம். சிறுபீளை பஞ்சுக் கதிர்களோடு கூடிய மெல்லிய செடி; பெர்ஜெனியா தடித்த கிழங்குத் துண்டு. பொடியாக்கியபின் கண்ணால் அறிய இயலாது. நுண்ணோக்கி ஆய்வும், பெர்ஜெனின் என்ற வேதிப்பொருளைக் கண்டறியும் சோதனையும் தேவைப்படும். சிறுநீரகக் கல் அடைப்பை உண்டாக்கினால் சிறுநீரகமே பழுதாகலாம் என்பதால், மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்வது தகாது.

பெர்ஜெனியாவைப் பொறுத்தவரை மற்றொரு கவலையும் உண்டு. கிழங்கைத் தோண்டினால் செடி அழிகிறது. மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். காட்டிலிருந்து எடுப்பதை விட்டு மலைநிலங்களில் பயிரிடுவதே அதைக் காக்கும் வழி. சமவெளியில் இருப்போர் தம் மரபு ஏற்ற சிறுபீளையைத் தொட்டியிலேயே வளர்க்கலாம். மலையின் சுமையும் அந்த அளவுக்குக் குறையும்.