பிடிமண்

1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கையோடு ஏழாயிரம்பண்ணைப் பாளையமும் பறிக்கப்பட்டது. நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். கோட்டைகள் இடிக்கப்பட்டன, குடிகள் ஆயுதம் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. தேசகாவல், தலக்காவல் என்று பாளையக்காரர் ஊர்களிடம் வசூலித்த உரிமைகள் கும்பினிக்குப் போயின. எல்லையில் மண்ணரிவாள் ஓங்கி நின்ற கருப்பனை மட்டும் அந்த ஆணை தொடவில்லை!

முறுக்கிய மீசை, தலைப்பாகை, இடுப்பில் கத்தி, இரவில் ஊரைச் சுற்றிவரக் குதிரை. நம் காவல் தெய்வங்களின் உருவில் பாளையத்துக் காவற்காரனின் சாயல் படிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐயனார் வழிபாடு பாளையங்களைவிட மிகப் பழையது என்பது வேறு விஷயம்.

புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும், ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் தருவார்கள். அந்த ஒரு பிடிதான் ஒப்பந்தம். களிமண்ணில் மணலும் வைக்கோலும் கலந்து, முதலில் கால்களை நிறுத்தி, ஈரம் சற்று இறுகியபின் உடலை ஏற்றுவார்கள். சூளையில் வெந்து வந்தாலும் அது வெறும் மண்தான். கண் திறந்த பிறகே தெய்வத்துக்குரியது. மதுரை வட்டார வேளாரை ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ், குயவரே பூசாரியாகவும் இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். விழா முடிந்தபின் பழைய புரவிகளை யாரும் செப்பனிடுவதில்லை. மழையில் கரைந்து, வேர்களுக்கிடையே சரிந்து, மண்ணோடு மண்ணாகும்.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்து இஜோ மக்களிடமும் இதற்கு நெருக்கமான எண்ணம் உண்டு. அவர்களில் ஒரு பிரிவினரான கலபாரியரைப் பற்றி ராபின் ஹார்ட்டன் 1965இல் எழுதிய நூலின்படி, மரச்சிற்பம் என்பது ஆவியின் 'பெயர்'. அதை அழைத்து இருத்தும் இடம். அழகுக்காக அதை யாரும் பார்ப்பதில்லை. தொல்லை மிகுந்த ஆவியிடம், நீ எந்த மரத்தில் செதுக்கப்பட்டாய் என்று காட்டிவிடுவோம் என மிரட்டுவார்களாம். நம்மவர்கள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். நேர்ச்சையை நிறுத்திவைப்பதோடு சரி.

இன்று பல கோயில்களில் சிமெண்ட் குதிரைகள் வந்துவிட்டன. எனாமல் பூச்சு, கண்ணைப் பறிக்கும் நிறங்கள். கரையாது, உடையாது என்பதுதான் அவற்றுக்குச் சொல்லப்படும் பெருமை. கரையாத குதிரைக்கு அடுத்த புரவி எடுப்பு எதற்கு? பிடிமண்ணை ஏந்திக்கொள்ள வேளாரின் கையும் வேண்டியதில்லை.