நிரபராதி என்று தீர்ப்பு வந்தால் கணக்கு முடிந்துவிடுமா?

வணிகவியல் படிக்கிறவனுக்கு சட்டத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரவு, செலவு, நஷ்டம் எல்லாம் எங்கள் பாடம்தானே! செய்யாத தப்புக்கு ஒருவரைக் கைது செய்து, பல வருடம் அலைக்கழித்து, கடைசியில் "நீ நிரபராதி, போகலாம்" என்று அனுப்பினால், அந்த நஷ்டத்தை யார் தலையில் எழுதுவது? இதுதான் இன்றைய விஷயம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது, அமெரிக்காவில் இருப்பது போல "உரிய சட்ட நடைமுறை" (டியூ பிராசஸ்) என்ற சொல்லை நாமும் வைப்பதா என்று பெரிய விவாதம் நடந்தது. அந்தச் சொல் இருந்தால், பார்லிமெண்ட் போடும் சட்டமே நியாயமானதா என்று நீதிபதிகள் கேட்க முடியும். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போனபோது, அந்நாட்டு நீதிபதி ஃப்ராங்பர்ட்டர் அந்தச் சொல் வேண்டாம் என்று யோசனை சொன்னார். சென்னையின் புகழ்பெற்ற வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அந்தப் பக்கம்தான் நின்றார். கடைசியில் 21ஆம் பிரிவில் "சட்டம் வகுத்த நடைமுறை" என்ற சொல் வந்தது. இதனால் ஏற்பட்ட குறையைக் கொஞ்சமாவது சரிக்கட்டத்தான், கைதானவருக்குக் காரணம் சொல்வது, வக்கீல் வைத்துக்கொள்வது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது போன்ற உரிமைகளை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 22ஆம் பிரிவு.

இந்தச் சொல் வித்தியாசத்தின் விலை என்ன என்று முதலில் காட்டியது நம் மாகாணத்து வழக்குதான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சென்னை மாகாணச் சிறையில் இருந்தார். தடுப்புக்காவலை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே 19ல் வந்த தீர்ப்பில், முறைப்படி ஒரு சட்டம் இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி ஃபசல் அலி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதன் சாரத்தை சுப்ரீம் கோர்ட் ஏற்க 28 வருடம் ஆனது. 1978ல் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை என்றால் அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

சரி, உரிமை கிடைத்தது. உரிமையைப் பறித்தால் பரிகாரம்?

பீகாரில் ருதுல் சா என்பவரை 1968ல் கோர்ட் விடுதலை செய்தது. ஆனால் சிறையிலிருந்து அவரை வெளியே விட்டது 1982ல்! பதினான்கு வருடம்! 1983ல் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட், அரசு அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் தரவேண்டும் என்றார். வருடத்துக்கு 2,500 ரூபாய் கணக்கு. தொகை சிறியதுதான். ஆனால் அடிப்படை உரிமையைப் பறித்த அரசு பணம் கட்ட வேண்டும் என்ற கதவு அங்கேதான் திறந்தது.

அடுத்தது நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன். இஸ்ரோவில் கிரையோஜெனிக் திட்டத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று 1994 நவம்பர் 30ல் கேரள போலீஸ் கைது செய்தது. 50 நாள் காவலில் இருந்தார். 1996ல் சி.பி.ஐ. இது பொய் வழக்கு என்று அறிக்கை கொடுத்தது. கேரள அரசு மறுபடி விசாரிக்கப் பார்க்க, 1998ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தடுத்தது. அத்தோடு முடியவில்லை. நஷ்ட ஈட்டுக்காக அவர் நடையாய் நடந்து, 2018 செப்டம்பர் 14ல்தான் 50 லட்சம் ரூபாய் தரச்சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2020ல் கேரள அரசு மேலும் 1.3 கோடி கொடுத்தது. கைதானபோது 52 வயது, உத்தரவு வந்தபோது 76. அதே வழக்கில் சிக்கிய சந்திரசேகர் அந்தத் தீர்ப்பு வந்த அதே மாதம் இறந்துபோனார்.

நம்பி நாராயணனுக்குப் படிப்பு இருந்தது, பெயர் இருந்தது, 24 வருடம் போராடும் பிடிவாதமும் இருந்தது. எங்கள் தேவாலா பக்கம் தேயிலை பறிக்கும் ஒருவரைப் பொய் வழக்கில் உள்ளே வைத்தால்? ஹைகோர்ட் இருப்பது சென்னையில். ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

சட்டப்புத்தகத்தில் அவருக்கு என்ன இருக்கிறது என்று தேடினேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 358ஆம் பிரிவு, போதிய காரணம் இல்லாமல் கைதானவருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் என்கிறது. அதையும் தர வேண்டியது அரசு அல்ல, போலீசைக் கைது செய்ய வைத்த ஆள்! 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தது. பிரிவு எண் 399 என்று மாறியது, 1,000 ரூபாய் மாறவில்லை.

சர்வதேச ஒப்பந்தமாவது காப்பாற்றுமா? சட்டவிரோதமாகக் கைதானவருக்கு நஷ்ட ஈடு என்று ஐ.நா.வின் குடிமை உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்தியா 1979ல் அதில் சேர்ந்தபோதே, எங்கள் நாட்டில் அப்படி ஒரு உரிமை இல்லை என்று சொல்லித்தான் சேர்ந்தது.

2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையைக் கொடுத்தது. பொய்யாக வழக்குப் போடப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கேட்கத் தனி நீதிமன்றங்கள், குறித்த காலத்துக்குள் முடிவு, பணம் மட்டுமில்லாமல் மனநல உதவி, தொழில் பயிற்சி எல்லாம் பரிந்துரைத்தது. இதுவரை அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

கணக்கியலில் ஒரு பாடம் உண்டு. வரப்போகும் நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு வைக்காத நிறுவனம், தன் லாபத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று அர்த்தம். தப்பாகக் கைதானவர்களுக்கு ஒதுக்கீடே வைக்காத அரசும் தன் நீதியைக் கூட்டித்தான் காட்டுகிறது. அந்த நஷ்டம் மறைந்து போவதில்லை, ஏதோ ஒரு குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது. நஷ்ட ஈடு கேட்டு வாங்கும் உரிமை, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?