தந்தை திரும்பிய ஆண்டு எது?

காலை நேரத்துச் சமையலறை. வேலைக்குக் கிளம்பிவிட்ட அப்பா ஒரு பச்சை முட்டையை மிக்ஸியில் உடைத்து ஊற்றுகிறார். ஆரஞ்சுச் சாற்றோடு அடித்து, நின்றபடியே குடிக்கிறார். அம்மாவைக் கனவில் கண்டதாக மகன் சொல்கிறான். அப்பா ஒரு கணம் தடுமாறுகிறார். பிறகு, அம்மா இறந்துபோனதைச் சாக்காக வைத்து வேலைகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்கிறார். கணக்குப் புத்தகத்தில் குதிரை வரைவதாக ஆசிரியை புகார் சொல்லியிருக்கிறார். குதிரை இல்லை, யூனிகார்ன் என்று மகன் திருத்துகிறான். பகற்கனவை விடச் சொல்லிப் புத்தி சொல்லிவிட்டு அப்பா போய்விடுகிறார். வுல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய ‘தி நெவர்எண்டிங் ஸ்டோரி’ (1984) படத்தில் இந்த அப்பா அதன் பிறகு வருவதே இல்லை.

ஏன் வரவில்லை என்ற கேள்வி, எண்பதுகளின் குடும்பச் சாகசப் படங்களைப் பற்றி ஏறத்தாழ முடிந்த முடிவாகிவிட்ட ஒரு வாசிப்பை மறுபடி திறக்க வைக்கிறது. அந்த வாசிப்பு ராபின் வுட் உடையது. இங்கிலாந்தில் பிறந்து, டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், ‘ஹாலிவுட் ஃப்ரம் வியட்நாம் டு ரேகன்’ (1986) நூலில் லூகாஸ், ஸ்பீல்பெர்க் வகைப் படங்களுக்கு ஒரு முழு இயலை ஒதுக்கினார். சுவரின் விரிசல்களைத் தாளொட்டி மறைக்கும் வேலை என்பது அந்த இயலின் தலைப்பில் உள்ள உருவகம். வளர்ந்தவர்களையும் குழந்தைகளாக்கி இருக்கையில் உட்காரவைக்கும் படங்கள் இவை. வியட்நாமும் வாட்டர்கேட்டும் ஆட்டங்காணச் செய்த அதிகாரத்தின் மேல் மறுபடி நம்பிக்கையை ஊட்டுபவை. இவற்றின் அடியில் ஓடும் பெரிய கதை ‘தந்தையை மீட்டமைத்தல்’. வுட்டின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். பின்னால் வந்தவர்களில் பலர் இந்தச் சொற்றொடரையே சாவியாக வைத்துக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறந்தார்கள்.

வுட்டைக் குறைத்து மதிப்பிட இக்கட்டுரை முயலவில்லை. குடும்பப் படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய காலத்தில், அவற்றில் அரசியல் இருக்கிறது என்று காட்டியவர் அவர். ‘தந்தை’ என்ற சொல்லையும் அவர் வீட்டு அப்பாவோடு நிறுத்தவில்லை. சட்டம், அதிகாரம், நாளைக்குத் தந்தையாகப் போகும் இளைஞன் ஆகிய எல்லாம் அதில் அடங்கும் என்று அவரே விரித்துச் சொல்கிறார். ஆனால் அந்த விரிவுதான் சிக்கல். சொல் எல்லாவற்றையும் தழுவும் அளவுக்கு அகன்றுவிட்டால், எந்தப் படம் அதற்குள் வராது என்று சொல்லவே வழியில்லாமல் போகிறது. எனவே இங்கே அந்தச் சொல் வேண்டுமென்றே குறுக்கப்படுகிறது. கதையில் வரும் பிள்ளையின் சொந்த அப்பா படம் முடியும்போது எங்கே இருக்கிறார்? இந்தக் குறுகிய கேள்வியைப் படங்கள் வெளிவந்த வரிசையில் கேட்டுப் பார்த்தால், வுட் கண்ட போக்கு உண்மை என்பது தெரிகிறது. அவர் அதற்கு இட்ட காலம்தான் பொருந்தவில்லை.

முதலில் வுட்டுக்கு மிகச் சாதகமான சான்று. ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ (1983) படத்தில் டார்த் வேடர் மகனுக்காக மனம் மாறுகிறார். முகமூடியைக் கழற்றச் சொல்லி மகனைக் கண்ணாரப் பார்க்கிறார். தந்தை மீட்கப்படுகிறார், ஐயமில்லை. ஆனால் மீட்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்துபோகிறார். மகனுக்குக் கிடைப்பது ஆவி வடிவம் மட்டுமே. அந்த வடிவத்தின் முகம்கூட நிலைக்கவில்லை. முதல் வெளியீட்டில் செபாஸ்டியன் ஷா நின்ற இடத்தில், 2004 டிவிடி பதிப்பில் ஹெய்டன் கிறிஸ்டென்சன் நிற்கிறார். வீட்டுக்குத் திரும்பாத தந்தை, மீட்பின் பாதிச் சான்றுதான்.

அதற்கு முந்தைய ஆண்டின் ‘ஈ.டி.’ இன்னும் தெளிவானது. கதைநாயகச் சிறுவன் எலியட்டின் அப்பா சாலி என்ற பெண்ணோடு மெக்சிகோவில் இருக்கிறார். விண்வெளிக்குச் செய்தி அனுப்பும் கருவிக்காகப் பொருள் தேடி, அண்ணனும் தம்பியும் கார் ஷெட்டைக் குடைகிறார்கள். அப்பாவின் பழைய சட்டை ஒன்று கையில் அகப்படுகிறது. முகர்ந்து பார்க்கிறார்கள். ஓல்டு ஸ்பைஸ் வாசனை என்கிறான் எலியட். சீ ப்ரீஸ் என்கிறான் மைக்கேல். அப்பாவின் வாசனை எது என்பதில்கூட இரண்டு பிள்ளைகளும் ஒத்துப்போகவில்லை. மெலிசா மாத்திசன் எழுதிய திரைக்கதையின் மிக நுட்பமான இடம் இது. அந்தச் சட்டை அதற்குப் பிறகு கதைக்குள் வருவதில்லை, அப்பாவும் வருவதில்லை.

வுட்டின் வழியில் செல்பவர்கள் இங்கே கீஸ் என்ற அரசு அதிகாரியைக் காட்டுவார்கள். பத்து வயதிலிருந்து இந்த வருகைக்காகவே காத்திருந்ததாக அவர் எலியட்டிடம் சொல்கிறார். இறுதிக் காட்சியில் அம்மாவோடு வந்து நிற்கிறார். ஆகவே புது அப்பா தயார் என்பது வாதம். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் படம் அவரை எப்படிக் காட்டுகிறது? பாதிப் படத்துக்கு மேல் அவர் வெறும் இடுப்பு. இடுப்பில் குலுங்கும் சாவிக்கொத்து. அவர் அழைக்கப்படும் பெயரே சாவியிலிருந்து வந்ததுதான். பிள்ளைகளின் கண் உயரத்தில் கேமராவை வைத்து, அம்மாவைத் தவிர்த்த பெரியவர்களின் முகத்தை நெடுநேரம் மறைத்த இயக்குநர், கடைசி சில நிமிட நிற்றலால் ஒரு தந்தையை நியமித்தார் என்று கொள்வது கடினம். அந்தப் பிரியாவிடையில் ஈ.டி.யின் விரல் தொடுவது எலியட்டின் நெற்றியை. கீஸ் பார்வையாளர்.

‘டைம் பாண்டிட்ஸ்’ (1981) பற்றி நீட்டத் தேவையில்லை. டெர்ரி கில்லியமும் மைக்கேல் பேலினும் எழுதிய அந்தப் படத்தின் முடிவில், தொடாதீர்கள் என்று பையன் எச்சரித்தும் பெற்றோர் தீமையின் எஞ்சிய துண்டைத் தொட்டு வெடித்துச் சிதறுகிறார்கள். இடையில் அந்தப் பையன் கெவினுக்கு ஒரு மாற்றுத் தந்தை கிடைத்திருந்தார்: அரசன் அகமெம்னன், நடிப்பு ஷான் கானரி. கெவினைக் காலம்விட்டுக் காலம் அழைத்துச்சென்ற குள்ளர்கள் அவரிடமிருந்து அவனைப் பறித்துக்கொண்டு போனார்கள். முடிவில் அதே கானரி தீயணைப்பு வீரராக வருகிறார், கெவினைப் பார்த்துக் கண்ணடிக்கிறார், வண்டியேறிப் போய்விடுகிறார். பையன் தனியே நிற்கிறான். ரேகன் பதவியேற்ற ஆண்டின் படம் இது.

இனி அந்தச் சமையலறைக்குத் திரும்பலாம். ‘தி நெவர்எண்டிங் ஸ்டோரி’ ஜெர்மனியில் உருவான படம் என்பதால் அது வுட்டின் வட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அமெரிக்கப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த படங்களில் அதுவும் ஒன்று. அது முக்கியமாவதற்குக் காரணம் வேறு. இந்தக் கதைக்கு மூலநூல் உண்டு. அந்த மூலநூல் தந்தை மீட்பில்தான் முடிகிறது.

மிஹாயேல் எண்டே 1979இல் வெளியிட்ட நாவல், A முதல் Z வரை ஒவ்வோர் எழுத்தில் தொடங்கும் 26 இயல்கள் கொண்டது. நிஜ உலகுக்கு ஒரு நிறம், கற்பனை உலகுக்கு ஒரு நிறம் என்று இரு வண்ண மையில் அச்சிடப்பட்டது. சமையலறைக் காட்சியின் மகனான பாஸ்டியனின் அப்பா அதில் பல் மருத்துவருக்குச் செட் கட்டிக்கொடுக்கும் தொழில்நுட்பர். மனைவி இறந்த நாள் முதல் உறைந்துபோனவர். கற்பனை உலகில் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு நினைவை இழந்த பாஸ்டியன், கடைசியில் யோர் என்ற பார்வையற்ற சுரங்கத் தொழிலாளியிடம் வந்து சேர்கிறான். மறந்துபோன கனவுகள் மெல்லிய படங்களாகப் படிந்து கிடக்கும் சுரங்கம் அது. இருட்டில் தடவித் தடவி அவன் தேடி எடுக்கும் படத்தில், வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதர் கையில் சுண்ணாம்புப் பல் அச்சோடு பனிக்கட்டிக்குள் அகப்பட்டிருக்கிறார். யாரென்று பையனுக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்காக ஏங்குகிறான். இறுதி இயலில் வாழ்வின் நீரை அள்ளிக்கொண்டு வீடு திரும்புகிறான். நீர் வழியில் சிந்திவிடுகிறது. ஆனால் அப்பாவின் கண்ணில் நீர் வருகிறது, உறைந்தது உருகுகிறது. தந்தை மீட்புக்கு இதைவிட முழுமையான கதை வேண்டுமா? பீட்டர்சன் கையில் அது ஆயத்தமாக இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

பாதி நாவலைத்தான் படமாக்கினார்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஏறத்தாழ 6 கோடி மார்க் செலவான படத்துக்கு அது போதுமான விளக்கமாகவும் தோன்றும். எண்டே இந்தப் படத்தை வணிகச் சரக்கு என்று வெளிப்படையாகச் சாடினார்; தொடக்கப் பெயர்ப்பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கச் செய்தார்; வழக்கும் போட்டார், தோற்றார். இதனால் ஐரோப்பிய நூலை ஹாலிவுட் கெடுத்த கதையாகவே இது சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

இங்கேதான் படத்தின் இரண்டு பதிப்புகள் உதவுகின்றன. ஏப்ரல் 1984இல் ஜெர்மனியில் வெளியான பதிப்பு ஏறத்தாழ 102 நிமிடம். இசை முழுக்க கிளாஸ் டோல்டிங்கர். ஜூலையில் அமெரிக்காவுக்குப் போனது ஏறத்தாழ 94 நிமிடம். வெட்டுவதில் ஸ்பீல்பெர்க் ஆலோசனை தந்தார். ஜார்ஜியோ மொரோடரின் மின்னிசையும் லிமால் பாடிய தலைப்புப் பாட்டும் சேர்ந்தன. ஓலைச்சுவடியில் பாடபேதம் பார்ப்பதுபோல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஹாலிவுட்டின் கை எது, மியூனிக்கின் கை எது என்று பிரித்துவிட முடிகிறது. இசை மாறியிருக்கிறது, வேகம் மாறியிருக்கிறது. அப்பா மாறவில்லை. இரண்டிலும் அவர் காலைச் சமையலறையோடு சரி. இரண்டிலும் பாஸ்டியன் டிராகன்மேல் ஏறி, தன்னைத் துன்புறுத்திய மூன்று பையன்களைச் சந்துக்குள் துரத்துகிறான், வீட்டுக்குப் போவதில்லை. தந்தையை விட்டது அமெரிக்கக் கத்தரி இல்லை என்பது இதனால் உறுதி.

அடுத்த சான்று மெலிந்தது. ஆனாலும் அழுத்திச் சொல்லத்தக்கது. கற்பனை உலகை ஆளும் குழந்தைப் பேரரசிக்குப் புதுப்பெயர் சூட்ட வேண்டிய கணத்தில், ஆங்கிலப் பதிப்பின் பாஸ்டியன் தன் அம்மாவின் பெயர் எவ்வளவு அழகானது என்று நினைவுகூர்கிறான். பிறகு ஜன்னலைத் திறந்து புயலுக்குள் ஒரு பெயரைக் கத்துகிறான். இடிமழையில் அது சரியாகக் காதில் விழுவதில்லை. நாவலில் ‘நிலாக்குழந்தை’ என்ற பொருள் தரும் அந்தப் பெயருக்கும் அம்மாவுக்கும் தொடர்பே கிடையாது. பேரரசியின் முகத்தை ஒரு கணம் கண்டதும் பையன் மனத்தில் தானாக எழுவது அது. படம் அதை அம்மாவோடு கட்டிவிட்டது. ஒரே ஒரு வசனம்தான். ஆனால் ஒரு முழு உலகம் அந்தப் பெயரால் மறுபடி பிறக்கிறது. அப்பாவின் கண்ணீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மாவின் பெயரை வைத்த படத்தை, தந்தை மீட்பு வரிசையில் எப்படிச் சேர்ப்பது?

இன்னொன்று. கிளைக்கதைகளைத் தொட்டுவிட்டு, அது வேறு கதை, வேறு சமயம் சொல்லலாம் என்று நகர்வது எண்டேயின் நாவல் முழுக்க வரும் வழக்கம். ஆங்கிலப் பதிப்பின் முடிவில் கதைசொல்லியின் குரல் இதே உத்தியால், பாஸ்டியன் பின்னால் வீடு திரும்பியதை வேறு கதை என்று ஒதுக்கிவிடுகிறது. நாவலில் துணைப் பாத்திரங்களுக்கு உரிய வாசல் அது. படத்தில் அந்த வாசல் வழியே வெளியேற்றப்பட்டவர் அப்பா.

அப்பாக்கள் உண்மையில் திரும்புவது 1985இல். ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் மார்ட்டி தன் கோழை அப்பாவை முப்பது ஆண்டு பின்னே போய்த் திருத்திவிட்டு வருகிறான். ‘தி கூனீஸ்’ படத்தில் வீட்டை எழுதிக்கொடுக்கப் போன அப்பா, மகனின் கோலிப் பையில் கிடந்த ரத்தினங்களால் அந்தக் காகிதத்தைக் கிழித்தெறிகிறார். ‘வில்லோ’ (1988) படத்தின் நாயகனே இரண்டு பிள்ளைகளின் அப்பா. ‘ஹனி, ஐ ஷ்ரங்க் தி கிட்ஸ்’ (1989) படத்தில் அப்பா புல்தரையில் பிள்ளைகளைத் தேடுகிறார். அதே ஆண்டு ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் க்ரூசேட்’ படத்தில், குண்டடிபட்டுக் கிடக்கும் அப்பாவுக்கு மகன் கிண்ணத்தில் நீர் கொண்டுவந்து ஊற்றிப் பிழைக்கவைக்கிறான். அந்த அப்பா, 1981இல் கண்ணடித்துவிட்டு வண்டியேறிப் போன ஷான் கானரி. வுட்டின் வாசிப்புக்கு மிகப் பொருத்தமான படங்கள், அவர் நூல் அச்சேறும் தறுவாயிலும் அதற்குப் பிறகும் வந்தவை.

இந்தக் காலக்கணக்கில் இரண்டு முள் உண்டு. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ கதையை அதன் எழுத்தாளர்களில் ஒருவரான பாப் கேல் யோசித்தது 1980இல், தன் அப்பாவின் பள்ளி ஆண்டுமலரைப் புரட்டியபோது. முதல் வரைவு 1981இலேயே முடிந்து, ஸ்டுடியோக்களால் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டது. எழுதிய ஆண்டை எடுத்தால் தந்தை மீட்பு பத்தாண்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஏற்கப்பட்ட ஆண்டை எடுத்தால் நடுவில். இக்கட்டுரை இரண்டாவதையே சார்கிறது. ஆனால் முதலாவதைத் தள்ளிவிட முடியாது.

மற்றது ‘தி பிரின்சஸ் பிரைட்’ (1987). வில்லியம் கோல்ட்மனின் 1973 நாவலில், காய்ச்சலில் கிடக்கும் பையனுக்குக் கதை படித்துக்காட்டுபவர் அப்பா. கோல்ட்மனே எழுதிய திரைக்கதையில் அந்த இடத்தில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். தன் அப்பா தனக்கும், தான் இந்தப் பையனின் அப்பாவுக்கும் படித்த புத்தகம் என்கிறார். அம்மா அறைக்குள் வந்து போகிறாள். அப்பா வருவதில்லை. வரிசையில் இந்தப் படம் பொருந்தவில்லை, பொருந்தவைக்கவும் தேவையில்லை.

1990இல் ‘நெவர்எண்டிங் ஸ்டோரி’யின் இரண்டாம் பாகம் வந்தது, இயக்கியவர் ஆஸ்திரேலியரான ஜார்ஜ் டி. மில்லர். நடிகர்கள் மாறிவிட்டார்கள். இதில் மகனைக் காணாமல் தேடும் அப்பா புத்தகக் கடைக்குப் போகிறார். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகன் அதற்குள் இருப்பதைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார். திரும்பி வந்தவனைக் கட்டிக்கொள்கிறார். நாவலின் விடுபட்ட பாதி அவரை வரவழைத்ததா, ‘வில்லோ’வும் ‘லாஸ்ட் க்ரூசேட்’டும் ஓடிய ஆண்டுகள் வரவழைத்தனவா என்பதை இந்த ஒரு படத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை.