பணிதருவோர் புகழும் திருநங்கையர் வாழ்வும்

கல்வெட்டுப் பயில்வார் அதன்கண் இருவேறு பகுதிகளைப் பிரித்துக் காண்பர். முதற்கண் நிற்பது மெய்க்கீர்த்தி; வேந்தனுடைய வெற்றியையும் சிறப்பையும் விரித்துரைப்பது; அவன் அவையிலேயே யாக்கப்பெற்றது. அதனையடுத்து வருவது கொடைச் செய்தி. நிலம் எத்துணை, அதன் நான்கெல்லை யாவை, நெல் எவ்வளவு, பெறுவார் யாவர், எந்நாள் வரை என்பனவெல்லாம் அப்பகுதியில் வரையறுத்து உரைக்கப்படும். வரலாற்றாசிரியர் முன்னதனை ஐயத்தோடும் பின்னதனை நம்பிக்கையோடும் படித்தல் வழக்கம். திருநங்கையரை முறையாக நடத்தும் பணிதருவோரைப் பாராட்டும் மரபொன்று கடந்த கால் நூற்றாண்டில் உலகிற் பரவியுள்ளது. அப்பாராட்டு மெய்க்கீர்த்தியின் பாற்பட்டதா, கொடைச் செய்தியின் பாற்பட்டதா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

திருநங்கையரின் தொழிலைப் பற்றி இந்நாட்டில் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் தடைச்சட்டமாகவே அமைந்தது. 1871இல் இயற்றப்பெற்ற குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகிய இடங்களில் அவர்களைப் பதிவேட்டில் எழுதி வைக்கப் பணித்தது. பதிவுற்றோர் பெண்ணுடை உடுத்துப் பொதுவிடத்தில் தோன்றலும், கூலி பெற்று ஆடலும் இசைத்தலும் தண்டனைக்குரிய செயல்களாயின. அவருட் பலர்க்குரிய தொழிலாக இருந்தது ஆடலும் பாடலும். அத்தொழிலையும் பறித்தபின், வேறு தொழில் தருவார் யாவர் என்று அச்சட்டம் வினவவில்லை.

இனி, அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். லின் கான்வே என்னும் பொறியறிஞர் 1964இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்து, கணிப்பொறியின் வேகத்தைப் பெருக்கும் அரிய முறையொன்றைக் கண்டவர். அவர் பெண்ணாக மாறவிருந்த செய்தி அறிந்த நிறுவனம் 1968இல் அவரைப் பணியினின்று நீக்கியது. அவர் தம் முன்னைப் பணியைப் பிறர்க்குரையாது, அடிநிலைப் பணியினின்று மீண்டும் தொடங்கினார். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தை அடைந்தார். அங்குக் கார்வர் மீட் என்பாரோடு அவர் இயற்றிய நூல், நுண்சில்லு வடிவமைப்பைப் பல்கலைக்கழகங்களிற் பாடமாக்கியது. ஐ.பி.எம். 2020இல் அவரிடம் மன்னிப்பு வேண்டி, வாழ்நாட் சாதனைக்குரிய விருதொன்றையும் அளித்தது. நீக்கத்திற்கும் மன்னிப்பிற்கும் இடையே 52 ஆண்டுகள் கழிந்தன. கான்வே 2024இல் மறைந்தார். மன்னிப்பு வேண்டிய நிறுவனத்தைக் குறைகூறல் எம் நோக்கமன்று. வேண்டாத நிறுவனங்கள் எண்ணிறந்தன. ஆயினும் பணியிழந்தோருள் கான்வேயைப் போல் மீண்டெழுந்தவர் பெயரே வரலாற்றில் நிற்கின்றது என்பதனை மறத்தல் ஆகாது.

இந்நிலையில், நிறுவனங்களை அளந்து மதிப்பெண் இடும் முயற்சி அந்நாட்டில் தோன்றியது. லூசென்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1997இல் தன் பாகுபாடின்மைக் கொள்கையிற் பால் அடையாளத்தையும் சேர்த்தது. அந்நாட்டுப் பெருநிறுவனங்களுள் அவ்வாறு செய்த முதல் நிறுவனம் அதுவே என்பர். ஹியூமன் ரைட்ஸ் காம்பெய்ன் என்னும் அமைப்பு 2002இல் நிறுவனச் சமன்மைக் குறியீட்டை வெளியிட்டபொழுது, மதிப்பிடப்பெற்ற 319 நிறுவனங்களுள் 13 மட்டுமே நூற்றுக்கு நூறு பெற்றன. ஆண்டுதோறும் அத்தொகை பெருகி 300ஐக் கடந்தது. அங்ஙனம் பெருகியதை உண்மை வளர்ச்சி என்று கொள்வதா, வினாத்தாளின் எளிமை என்று கொள்வதா? அவ்வமைப்பே விடை தந்தது. திருநங்கையர், திருநம்பியர்க்குரிய மருத்துவச் செலவைக் காப்பீடு ஏற்றல் வேண்டும் என்னும் விதியைச் சேர்த்துப் புதிய அளவுகோலை அது 2011ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டது; முழு மதிப்பெண் பெற்ற நிறுவனங்கள் 337இலிருந்து 190ஆகக் குறைந்தன. கொள்கைத்தாளில் ஒரு சொல்லைச் சேர்த்தல் எளிது. பொருட்செலவை ஏற்றல் அரிது. மெய்க்கீர்த்தி முடிந்து கொடைச் செய்தி தொடங்கும் இடம் இதுவே என்பது எம் துணிபு.

அளப்போரும் அளக்கப்பட்டனர். 2007இல் அமெரிக்க மக்களவையில் வந்த வேலைப் பாகுபாட்டுத் தடை மசோதாவினின்று பால் அடையாளம் நீக்கப்பட்டபொழுது, மேற்கூறிய அமைப்பு அதனை எதிர்க்க முன்வரவில்லை. அதன் ஆட்சிக்குழுவிலிருந்த ஒரே திருநங்கை உறுப்பினர் பதவி துறந்தார். 2024இல் ஃபோர்டு, லோஸ், ஹார்லி டேவிட்சன் முதலிய நிறுவனங்கள் இக்குறியீட்டிற் பங்குகொள்ளுதலைக் கைவிட்டன. தாமே விரும்பி ஏற்ற புகழைத் தாமே விரும்பித் துறத்தலும் எளிதாகவே இருந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்த பெயர்க்குத் தனியீறு இன்மையைக் கூறி, உயர்திணை ஈறுகொண்டு வினைமுடித்தலை வகுத்துள்ளார். இலக்கணத்திற்கு இது ஒரு நூற்பாவிற்குள் அடங்கிய செய்தி. ஆட்சித் துறைக்கோ நெடுங்காலம் ஆயிற்று. தமிழ்நாட்டரசு 2008இல் திருநங்கையர்க்கென நலவாரியம் அமைத்து முன்னோடியாயிற்று. எனினும், சில ஆண்டுகள் கழித்துக் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாசினி, படிவத்தில் ஆண், பெண் என்னும் இரு கட்டங்களே இருந்தமையால் தடையுற்றார். உயர்நீதிமன்றம் 2015இல் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்புரைத்தது. 2017இல் அவர் தருமபுரி மாவட்டத்தில் பணியேற்றார். பணிதந்த அரசு பாராட்டப்பெற்றது. அப்பணியைப் பெறுதற்கு அவ்வரசின் வாரியத்தையே எதிர்த்து வழக்காட நேர்ந்தது என்பது பாராட்டுரைகளில் மெல்ல மறைந்தது.

அவ்வாண்டே கொச்சி மெட்ரோ தொடர்வண்டி நிறுவனம் குடும்பஸ்ரீ அமைப்பின் வழியாக 23 திருநங்கையர்க்குப் பயணச்சீட்டு வழங்கல், தூய்மைப் பணி முதலியவற்றில் வேலை தந்தது. உலகச் செய்தித்தாள்கள் பலவும் அதனைப் போற்றி எழுதின, அப்போற்றுதல் தகுவதே. ஆனால் சில வாரங்களுள் 8 பேர் வேலையை விட்டு நீங்கினர். காரணம் பணியிடத்தில் இல்லை. நகரில் அவர்கட்கு வீடு வாடகைக்குத் தருவார் இலர். விடுதியில் தங்கினால் நாள் வாடகையே ஊதியத்தை விழுங்கிற்று. தங்குமிடம் தேடும் முயற்சி அவர்கள் நீங்கிய செய்தி பரவிய பின்னரே விரைவுற்றது. புகழுரை எழுதியோர் பணியேற்ற நாளிற் கணக்கை முடித்துக்கொண்டனர். வாடகை அதன் மறுநாளிலிருந்தே தொடங்குவதாயிற்று.

2019இல் இயற்றப்பெற்ற திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டை விலக்கி, நிறுவனந்தோறும் முறையீட்டு அலுவலர் ஒருவரை அமர்த்தப் பணித்தது. 2020ஆம் ஆண்டு விதிகள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடவும் வேண்டின. ஆயினும் பணியிடப் பாகுபாட்டிற்கெனத் தனித் தண்டனை அச்சட்டத்தில் வகுக்கப்படவில்லை. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம், தனியார் பள்ளிகள் இரண்டில் வேலையிழந்தும் மறுக்கப்பெற்றும் நின்ற ஆசிரியை ஒருவரின் வழக்கில், அரசுகளின் மெத்தனத்தைக் கடிந்து, முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையிற் குழுவொன்றை அமைத்துச் சமவாய்ப்புக் கொள்கையை வரையச் செய்தது. சட்டம் பிறந்து ஆறாண்டு ஆகியும் கொள்கை வரையப்படாதிருந்தது என்பதற்கு அத்தீர்ப்பே சான்று.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளை மிகுதியாகப் பணியமர்த்தும் தனியார் நிறுவனத்திற்கு விடுதலை நாள் விழாவில் அரசு விருதளித்து வந்துள்ளது. திருநங்கையர்க்கு ஏப்ரல் 15ஆம் நாளையொட்டி வழங்கப்பெற்ற விருதோ, தடைகளைக் கடந்து முன்னேறிப் பிறர்க்கும் உதவிய திருநங்கைக்கே உரியது. கடந்தவரைப் பாராட்டல் நன்றே. தடையை அகற்றிய முதலாளியையும் பாராட்டுதல் இயலும். அவ்வாறு ஒரு விருது அமைக்கப்பெறின், அதன் விண்ணப்பத்தை நிறுவனம் மட்டும் நிரப்புதல் போதாது என்பது எம் கருத்து. பணியேற்றோர் எத்துணையர், ஈராண்டு கழித்தும் அப்பணியில் இருப்போர் எத்துணையர், நீங்கியோர் கூறிய காரணம் யாது, அவர்கள் எங்கே தங்கியிருந்தனர் என்னும் நான்கு வினாக்கட்கு விடை, பணியாற்றிய திருநங்கையர் வாயிலாகவே பெறப்படுதல் வேண்டும். நிலக்கொடைச் சாசனங்கள் பலவும் நான்கெல்லையைக் குறித்தே நின்றன.