இரவை இரவாக விட்டுவைத்தவர்கள்

இரவைப் படம்பிடிக்கப் புகைப்படக்காரர்கள் முதலில் கண்ட வழி, இரவையே இல்லாமல் ஆக்குவதுதான். 1887இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மெக்னீசியப் பொடியோடு வேறு ரசாயனங்களைக் கலந்து, கண நேரத்தில் வெடித்து ஒளிரும் ஒரு தூளை உருவாக்கினார்கள். அந்தத் தூளைக் கொண்டுதான் ஜேக்கப் ரீஸ் நியூயார்க் சேரிகளின் இருட்டறைகளைப் படமெடுத்து, 1890இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவற்றைச் சான்றாக வைத்தார். ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்த, கலையாக மதிக்கப்பட்ட இரவுப் படங்கள் பேர்பெற்றது அதற்குப் பிறகுதான். 1895, 96 ஆண்டுகளில் பால் மார்ட்டின் லண்டன் தெருக்களைக் கேஸ் விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். அதற்குத் தேவையான, முன்கூட்டியே ரசாயனம் பூசிய கண்ணாடி உலர்தகடுகளோ 1870களின் கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டவை. கருவி வளர்ந்ததால் இரவுப்படம் பிறந்தது என்று சொல்பவர்கள் இந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். குறைந்த வெளிச்சத்தை ஒரு குறையாகப் பார்க்காமல், அதையே படத்தின் பொருளாகப் பார்க்கும் மனம் வாய்க்க அத்தனை காலம் பிடித்தது என்பதே என் பதில்.

அந்த மனம் வந்த பிறகும் வேலை எளிதாகிவிடவில்லை. தெருவிளக்கின் ஒளி தகட்டின் ரசாயனப் பூச்சை ஊடுருவி, பின்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வளையத்தைப் படரவிடும். தகட்டின் முதுகில் கரும்பூச்சு பூசித்தான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்தால் நடமாடும் மனிதர்கள் மறைந்துபோய் ஊர் ஆளற்றதாகிவிடும். நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1897 வாக்கில் நேரத்தைக் குறைத்து இரவுப்படத்துக்குள் மனிதர்களைக் கொண்டுவர முயன்றது இதற்காகத்தான். இன்னொரு சிக்கல், கணக்கு பொய்த்துப்போவது. வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்ற விதி, மங்கலான ஒளியில் செல்லாது. இரட்டிப்புக்கும் மேலே கொடுக்க வேண்டும். வானியலாளர் கார்ல் ஸ்வார்ட்ஸ்சில்ட் நட்சத்திரங்களைப் படமெடுக்கும்போது இதை ஆராய்ந்து, நூற்றாண்டின் முடிவில் ஒரு சூத்திரமாகத் தந்தார். தெருவில் நின்றவர்களுக்கோ கைப்பழக்கம்தான் சூத்திரம்.

அந்தக் கைப்பழக்கத்தின் உச்சம் 1932இல் வெளிவந்த, புகைப்படக்காரர் பிராசாயின் 'பாரிஸ் டி நுயி' (இரவில் பாரிஸ்) என்ற படத்தொகுப்பு. நிறைய ஒளியை உள்வாங்கும் வேகமான எஃப்/2 லென்ஸோடு வந்த எர்மனாக்ஸ் கேமரா 1924இலேயே கிடைத்தது. கையடக்கமான லைக்கா 1925இல் கடைக்கு வந்தது. பிராசாய் பாரிஸ் தெருக்களுக்கு எடுத்துப்போனதோ, முக்காலியில் நிறுத்த வேண்டிய, கண்ணாடித் தகடு போடும் ஃபாய்க்ட்லாண்டர் கேமரா. ஒளி எவ்வளவு என்பதைப் பொறுத்து, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை அளவாக வைத்துக்கொள்வார். இருட்டு கூடினால் இன்னும் தடித்த சிகரெட். விளக்கு நேராக லென்ஸில் அடிக்காதபடி ஒரு மரத்துக்கோ சுவர் மூலைக்கோ பின்னால் அதை ஒளித்துவைத்தார். மழையையும் மூடுபனியையும் தேடிப் போனார். நனைந்த தெருக்கல் ஒரே விளக்கைப் பலவாக்கித் தரும். பனி அதன் கூர்மையைக் குறைத்து, இருட்டுக்குள் ஒளியைப் பரப்பும். இந்தப் பலன்கள் எதையும் வேகமான லென்ஸ் தந்திருக்காது.

இதற்கு எதிராகச் செய்திப் புகைப்படக்காரர் எரிக் சாலமனைச் சுட்டலாம். எர்மனாக்ஸ் இல்லாவிட்டால் 1920களின் கடைசியில் மாநாட்டு அறைகளிலும் நீதிமன்றத்திலும் ஃப்ளாஷ் இல்லாமல் அவர் எடுத்த படங்கள் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. ஆனாலும் அந்த லென்ஸை வைத்துக்கொண்டும் அவர் பல நேரம் கேமராவை நிலையாக ஊன்றி வைத்து, பேசுபவர் அசையாதிருக்கும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. லென்ஸ் காத்திருப்பைச் சுருக்கியதே தவிர ஒழிக்கவில்லை. இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது: மதுக்கடைகளுக்குள் எடுக்கும்போது பிராசாயே மெக்னீசியத் தூளைக் கொளுத்தினார், அந்த வெடிப்பைப் பார்த்துப் பிக்காசோ அவருக்குப் 'பயங்கரவாதி' என்று பட்டம் சூட்டினாராம். ஆகவே ஃப்ளாஷைத் தவிர்ப்பதை ஒரு விரதமாக யாரும் கொண்டாடத் தேவையில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஃப்ளாஷின் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். சின்ன அறைக்குள் நெருங்கி உட்கார்ந்த முகங்களுக்கு அது போதும். தெருவிலோ, முன்னால் நிற்பவரை வெளுக்கச் செய்து, பின்னால் உள்ள ஊரைக் கரியாக்கிவிடும். இடத்தின் இயல்பு தெரிந்துதான் பிராசாய் உள்ளே ஒன்றையும் வெளியே மற்றொன்றையும் கையாண்டார்.

இன்றைய செல்போன் இந்த வாதத்தையே செல்லாக்காசாக்கிவிட்டது என்பார்கள். இரவுமுறையை அழுத்தினால் அது என்ன செய்கிறது? சில நொடிகளுக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. அதுவரை கையை ஆட்டாதே என்கிறது. சிகரெட் எரியும் நேரம் சில நொடியாகச் சுருங்கியிருக்கிறது, கொள்கை மாறவில்லை. 2018இல் கூகுள் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது அதன் பொறியாளர்கள் சந்தித்த சிக்கல், சேர்த்த ஒளி இரவைப் பகலாக்கிவிடுகிறது என்பது. இருட்டைத் தீட்டிய பழைய ஓவியர்களின் வழியைப் பார்த்து, நிழல்களை வேண்டுமென்றே கருப்பாக விட்டுவைத்தார்கள். எவ்வளவு இருட்டை மிச்சம் வைப்பது என்ற முடிவை மார்ட்டினும் பிராசாயும் தெருவில் நின்று எடுத்தார்கள். இப்போது அதைத் தொழிற்சாலையிலேயே வேறொருவர் நமக்காக எடுத்துவிடுகிறார். நல்ல இரவுப்படம் வேண்டுமென்றால் அந்த முடிவைத் திரும்ப நம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கு எங்கே நிற்கிறது, எதன் பின்னால் அதை மறைக்கலாம், தரை நனைந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலையை எந்தக் கருவியும் இன்னும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.